முதல் பாகம் கேட்கிறவர்கள்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க, ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும். பத்திர ஆபீஸ் சர்வர் படுத்துடுச்சாம். எப்ப எந்திரிக்கும்னு ஆபீசருக்கே தெரியாது. உங்க டோக்கன் நாப்பத்தொண்ணுதானே? இப்ப பதினேழுலயே நிக்குது. உங்க அண்ணன் டீயைக் குடிச்சுட்டு, ஜெராக்ஸ் எடுத்துட்டு, சாட்சிக்கு ரெண்டு ஆளைப் பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிடும். பத்திரம் ரெடியா இருக்கு, இதோ பாருங்க, பதினோரு தாள். கையெழுத்தை அப்புறமாப் போட்டுக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல.

அதுவா? அது பத்திரமில்லம்மா, கண்ணுல பட்டுடுச்சா. அந்த நாலு கட்டும் நாவல். நான்தான் எழுதினேன். என்ன அப்படிப் பாக்கறீங்க, பத்திரம் எழுதறவன் நாவல் எழுதக் கூடாதா? முப்பத்திரண்டு வருஷமா ஊர்ச்சனம் அண்ணன் தம்பி அடிச்சுக்கறதையும், மாமன் மச்சான் அழறதையும் இந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தவன். மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு மண்ணு மண்ணுன்னு எழுதறானுங்களே, அவனுங்களுக்கு நஞ்சைக்கும் புஞ்சைக்கும் வித்தியாசம் தெரியுமா? ஆனா அவனுங்க புஸ்தகம் வருது. என்னோடதை இப்படிக் கட்டுக்கட்டா எலி கடிக்காம காவல் காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சொல்றேன் கேளுங்க, சர்வர் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை.

நாவலுக்குப் பேரு 'நாலெல்லை'. ஒரு நிலம், அதுல ஒரு கிணறு, அதை ஆண்டவன் தர்மலிங்கம்னு ஒருத்தன். மொத்தம் அஞ்சு பாகம். இதுல நான் செஞ்ச புதுமை என்னன்னா, கடைசிப் பாகத்தை முதல்ல எழுதினேன். அஞ்சு முடிச்சுட்டு நாலு. நாலு முடிச்சுட்டு மூணு. அப்புறம் ரெண்டு. ஏன்னு கேளுங்க.

நீங்க ஒரு இடம் வாங்கப் போறீங்க, வில்லங்கம் பாக்கணும். எங்க இருந்து பாப்பீங்க? இன்னைக்கு யாரு அனுபவிக்கிறானோ அவன்கிட்ட இருந்துதானே. இவனுக்கு யாரு வித்தான், அந்த வித்தவனுக்கு யாரு குடுத்தான், அவனோட அப்பனுக்கு எப்படி வந்துச்சு, இப்படியே பின்னாடி பின்னாடி போயி மூலப்பத்திரத்துல போய் நிக்கணும். ஒரு நிலத்தோட கதையை எவனும் முன்னாடி இருந்து பாக்கறதில்ல. நான் வாழ்நாள் பூரா பாக்கற வேலை அதுதான், அதனால நாவலையும் அப்படியே எழுதினேன். வேற எந்த எழுத்தாளனுக்கும் இது தோணாது. தோணணும்னா அவன் பத்திர ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கணும்.

அஞ்சாம் பாகத்துல அந்த நிலம் மனை போட்டு, கல்லு நட்டு, கிணத்தை மூடிடறாங்க. எழுதி முடிச்ச அன்னைக்கு நானே அழுதேன்னா பாத்துக்குங்க. கட்டை ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துக்கிட்டு மெட்ராசுக்குப் போனேன். பேரு வேண்டாம், பெரிய பதிப்பாளர். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டுக் கூப்பிட்டாரு. பையில இருந்து எடுத்து வச்சேன். மேல 'ஐந்தாம் பாகம்'னு போட்டிருந்ததைப் பாத்தாரு.

"முதல் நாலு பாகம் யாரு போட்டாங்க?"ன்னாரு.

"இன்னும் எழுதலீங்க, இனிமேத்தான் ஒண்ணொண்ணாப் பின்னாடி போகணும்"னேன்.

கட்டை என் பக்கமே தள்ளி வச்சாரு. "ஐயா, ஜனவரில புத்தகக் கண்காட்சி. கடையில இதை அடுக்கி வைக்கிறேன்னு வைங்க. வர்றவன் எடுத்துப் பாத்துட்டு முதல் பாகம் குடுங்கம்பான். இல்லம்பேன். வித்துத் தீந்துடுச்சான்னு கேப்பான். எழுதவே இல்லம்பேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவான்"னாரு. பக்கத்துல இருந்தவனெல்லாம் சிரிக்கிறான். நூலக ஆர்டருக்கு அனுப்பினா அங்கயும் இதே கேள்விதான் வருமாம். முதல் பாகம் எழுதிட்டு வாங்க, பாக்கலாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒரு பக்கம் பிரிச்சுப் பாக்கலம்மா. ஒரு பக்கம். பதினாலு மாசம் எழுதினதை அட்டையில இருக்கற நம்பரை மட்டும் பாத்துட்டுத் தள்ளி வச்சான் மனுசன்.

இது பரவாயில்ல. ரெண்டாவது ஒருத்தன் இருக்கான், திருவல்லிக்கேணியில. அவனை நினைச்சா இப்பவும் வாயில எச்சில் ஊறுது, துப்பறதுக்கு. அதுக்குள்ள நான் நாலாம் பாகமும் முடிச்சிருந்தேன். ரெண்டையும் கொண்டுபோனேன். அவன் சொல்றான், "சார், இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க? அஞ்சை ஒண்ணுன்னு போடுவோம், நாலை ரெண்டுன்னு போடுவோம். ஊருல எவன் சார் சரிபார்க்கப் போறான்?"

நம்பரை மாத்தறதாம். யார்கிட்ட சொல்றான் பாருங்க. ஒரு பத்திரத்துல ஒரு சர்வே நம்பர்ல ஒரு புள்ளி மாறினா குடும்பமே தெருவுக்கு வந்துடும். அந்தப் புள்ளிக்கு உயிரை விடறவன்கிட்ட வந்து அஞ்சை ஒண்ணாக்குங்கறான். "தம்பி, பொய்யி எழுதற வம்சம் நான் இல்ல"ன்னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல விழுப்புரம் வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே வந்தேன். இவனுங்கதான் இலக்கியம் வளக்கறானுங்க. தூ.

தண்ணி குடிக்கிறீங்களா? அந்த பாட்டில்ல இருக்கு. உங்க அண்ணன் வந்தாச்சான்னு வாசலை வாசலைப் பாக்க வேண்டாம், வருவாரு. நல்ல மனுசன்தான், நேத்து வந்து எல்லா விவரமும் சொல்லிட்டுப் போனாரு.

மூணாவதா திருச்சியில ஒரு பொண்ணு அகப்பட்டுச்சு. அங்கயற்கண்ணின்னு பேரு. சின்னப் பதிப்பகம்தான், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து நடத்தறாங்க. அதுக்குள்ள நான் ரெண்டாம் பாகம் வரைக்கும் வந்துட்டேன். இந்த நாலு கட்டையும் குடுத்தேன். நம்ப மாட்டீங்க, ஒரே மாசத்துல நாலையும் படிச்சிருக்கு. ஓரத்துல பென்சில்ல குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்கு. போன் பண்ணி, "சார், நாங்க போடறோம். பின்னாடி இருந்து முன்னாடி வர்ற அமைப்பே ரொம்பப் புதுசா இருக்கு. அப்படியே அஞ்சையும் ஒரே பெட்டியில போட்டு ஜனவரில கொண்டாந்துடலாம்"னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா ஒரு ஆளு என் எழுத்தைப் பிரிச்சுப் படிச்சுட்டுப் பேசுது.

அதோட நிறுத்தியிருக்கணும்ல. நிறுத்தல.

"முதல் பாகம் மட்டும் ஐப்பசிக்குள்ள குடுத்துடுங்க சார்"னுச்சு. சரிம்மான்னேன். "அதுல அந்த அக்காவுக்கு என்ன காரணம் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. எந்த அக்கான்னேன்.

"அஞ்சாம் பாகத்துல ஒரு அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டு, தண்ணி கூடக் குடிக்காமத் திரும்பிப் போறாங்களே. நாலாம் பாகத்துல கல்யாணப் பத்திரிகை வைக்க வர்றாங்க, தர்மலிங்கம் படியிலயே வாங்கிட்டு அனுப்பிடறான். மூணுல அவங்க பேரு மட்டும் வருது. ரெண்டுல பேரு கூட வரல, தர்மலிங்கம் வெத்தலைத் தாம்பூலத்தை ரெண்டாப் பிரிச்சுட்டு ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கிறான். முதல் பாகத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல சார். மொத்த நாவலும் அந்த அக்காவைப் பத்தித்தானே?"

பாருங்கம்மா, எப்படி இருக்கு? ஆயிரத்து நானூறு பக்கம் நிலத்தைப் பத்தி எழுதியிருக்கேன். மண்ணு எழுதியிருக்கேன், மழை எழுதியிருக்கேன், போர்வெல்காரன் தேங்காய் வச்சு நீரோட்டம் பாக்கறதை மட்டும் பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கேன். அதெல்லாம் கண்ணுல படல. மூலையில ஒரு பொம்பள வந்து நின்னுட்டுப் போறா, அவதான் கண்ணுல பட்டிருக்கா. பொம்பளைங்க படிச்சா இப்படித்தான். உங்களைச் சொல்லலம்மா.

அது சும்மா ஒரு பாத்திரம். கதைக்கு நாலு பேரு வரணும் போகணும்ல. அஞ்சாம் பாகத்துல அவ வரா, கல்லு நட்டிருக்கறதைப் பாக்கறா, தர்மலிங்கம் பத்திர நகலைக் காட்டறான். வாசல்லயே நின்னு ஒவ்வொரு தாளாப் படிக்கிறா. படிச்சுட்டு மடிச்சு அவன் கையிலயே குடுக்கறா. அவன் உள்ள ஓடிப்போயி செம்புல தண்ணி எடுத்துட்டு வர்றான். அவ தெருமுனை திரும்பற வரைக்கும் அந்தச் செம்பை வச்சுக்கிட்டு நான் நின்னுக்கிட்டே... அவன் நின்னுக்கிட்டே இருக்கான். அவ்வளவுதான் காட்சி. இதுல காரணம் என்ன வேண்டிக்கிடக்கு?

சரி எழுதிடுவோம்னு உக்காந்தேன். சித்திரையில உக்காந்தேன், இப்ப ஐப்பசி. தினம் காலையில குளிச்சுட்டு, விபூதி பூசிக்கிட்டு, வெள்ளைத் தாள் எடுத்து வச்சு, 'அன்று காலை குளித்தலை பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள்'னு எழுதுவேன். நல்ல வரிதானே? அதுக்கு மேல பேனா ஓடாது. இந்த ஒரு வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல. எல்லாம் அந்தப் பொண்ணு கிளப்பி விட்டதால வந்த வினை. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்ச கதைதான். கேக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்கு எழுதியிருப்பேன்.

என்ன கேட்டீங்க? ஆமா, எனக்கும் ஒரு அக்கா உண்டு. தையல்நாயகி. குளித்தலையிலதான் குடுத்திருக்கு. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம். எழுத்தாளன்னா நாலு இடத்துல பாக்கறதை எடுத்துக்குவான்தான்.

நீங்களே சொல்லுங்க, பொதுவாக் கேக்கறேன். எங்க அப்பா இறந்தப்போ எனக்கு இருபத்திநாலு வயசு. இந்தத் தொழில் கத்துக்கிட்டு இருந்தேன், முதலாளிகிட்ட. நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. நான் இங்க இருந்து பாடுபடணும். அக்கா புருசன் வீட்டுல வசதியா இருக்கு, மாமா ரயில்வேல. அது வந்து இங்க ஏத்தம் இறைக்கப் போகுதா? ஊர் உலகத்துல எல்லாரும் செய்யறதுதான், கூடப் பொறந்தவ என் பங்கு வேண்டாம்னு விடுதலை எழுதிக் குடுக்கறது. அப்பா பேருல இருந்த மோட்டார் கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு கடுதாசி போட்டேன். வந்துச்சு. அது பொய்யின்னு சொல்ல முடியாதும்மா. எட்டாவது ஷரத்து எடுத்துப் பாருங்க, 'மின் இணைப்பு உட்பட'ன்னு தெளிவா இருக்கும். நானே என் கையால எழுதினேன். நான் எழுதின முதல் பத்திரம் அதுதான். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது, எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பாத்தியதை வாங்கறவனும் நானு, எழுதறவனும் நானுன்னா நல்லா இருக்காதுன்னு கீழ முதலாளி பேரைப் போட்டுக்கிட்டேன். எழுத்து மட்டும் என்னோடது.

அக்கா படிக்கத் தெரிஞ்சதுதான், எட்டாவது வரைக்கும் படிச்சது. "கண்ணாடி கொண்டாரல தம்பி, நீ எழுதினதைப் படிச்சு வேற பாக்கணுமா"ன்னுச்சு. கட்டைத் திருப்பி வச்சு, கடைசித் தாள்ல இருந்து ஒண்ணொண்ணா நகத்திக் குடுத்தேன். போட்டுக்கிட்டே வந்துச்சு. அதுல ஒண்ணும் சூது இல்லம்மா, தொழில்ல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க, தாள் கலையாது. முதல் தாளுக்கு வர்றப்போ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரமாப் போட்டுட்டு எந்திரிச்சுடுச்சு. ஆபீசர் சம்மதமான்னு கேட்டாரு, சம்மதம்னுச்சு. போகும்போது பிள்ளைங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்த முறுக்குப் பொட்டலத்துல பாதியை எங்கிட்ட குடுத்துட்டுப் போச்சு.

அப்புறம் பதினெட்டு வருஷம் வந்து போயிட்டுத்தான் இருந்துச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. மனை போட்டப்பத்தான் யாரோ போய்ச் சொல்லி வந்து நின்னுச்சு. 'என் பங்குல ஒரு மனை என் பொண்ணுக்கு விடுடா'ன்னு கேட்டுச்சு. நகலைக் காட்டாம என்ன செய்ய முடியும்? சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு. அந்த வருஷம்தான் நான் நாவலை எழுத ஆரம்பிச்சேன். எதுக்குச் சொல்ல வந்தேன்னா, என் கஷ்டம் யாருக்கும் புரியாது. அக்கா வாசப்படி மிதிச்சு பதினாலு வருஷமாச்சு. ஒரு வார்த்தை திட்டிட்டாவது போயிருக்கலாம். திட்டினா எழுதிடலாம். ஒண்ணும் சொல்லாமப் போனவளைப் பத்தி என்னத்தை எழுதறது?

சரி விடுங்க. நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணுக்கு போன் போட்டேன். "அம்மா, முதல் பாகமே இல்லாமப் போட்டுட்டா என்ன? அதுவும் ஒரு புதுமைதானே. படிக்கிறவங்க ஊகிச்சுக்கட்டும்"னேன். உடனே கேக்குது, "சார், மூலப்பத்திரம் இல்லாத இடத்தை நீங்க யாருக்காவது வாங்கச் சொல்லுவீங்களா?"

என்கிட்டயே. நான் எழுதினதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு என்கிட்டயே திருப்பிக் கேக்குது. "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இந்த வருஷம் முடியாது சார், அச்சகத்துல வேற புஸ்தகம் ஏத்திடுவாங்க. நாலு பாகத்தை மட்டும் போட எங்களுக்கு மனசு வரல. எழுதுங்க சார், உங்களால முடியும்"னுச்சு. முடியுமாம். உபதேசம் பண்றது. இன்னைக்குப் புதன். பதினாலு வருஷ உழைப்பு, ஆயிரத்து நானூறு பக்கம், ஒரு பொண்ணோட பிடிவாதத்துல நிக்குது. பெரிய பதிப்பாளன் பிரிச்சுப் பாக்காமத் தள்ளினான். திருவல்லிக்கேணிக்காரன் அயோக்கியன். இது நல்லாப் படிச்சுட்டுத் தள்ளுது. மூணுல இதுதான் ரொம்ப அருவருப்பா இருக்கு எனக்கு. முதல் பாகம், முதல் பாகம், முதல் பாகம். எல்லாத்துக்கும் முதல்ல என்ன நடந்துச்சுன்னே தெரியணும். நடந்தது நடந்துபோச்சு, இப்ப இருக்கறதைப் பாருன்னா ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. சீன்னு ஆயிடுச்சும்மா இந்த உலகம்.

அதோ, கூப்பிடறாங்க பாருங்க. சர்வர் அப்பவே வந்துடுச்சாட்டம் இருக்கு, பேச்சுல கவனிக்கல. முப்பத்தெட்டுங்கறான், பரவாயில்லையே, விடுவிடுன்னு ஓடுது. எதிர்ல உங்க அண்ணனும் வர்றாரு, சாட்சியும் வந்தாச்சு. அவருகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம், எல்லாம் பேசி வச்சதுதான். உங்ககிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு? பட்டாவுல பேரு மாத்தறதுக்குன்னா? ஆமா ஆமா, அதுவும் இதுலயே வந்துடும். ஒன்பதாவது ஷரத்துன்னு நினைக்கிறேன்.

இந்தாங்க பேனா. கட்டைத் திருப்பி வச்சிருக்கேன். கடைசித் தாள்ல இருந்து போட்டுக்கிட்டே முன்னாடி வாங்க, நான் நகத்திக் குடுக்கறேன். பெருக்கல் குறி போட்டிருக்கற இடத்துல மட்டும். கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன். ஏம்மா, கட்டை ஏன் திருப்பறீங்க? பையில என்ன தேடறீங்க?

கண்ணாடியா.

இல்ல, படிக்கலாம், தாராளமாப் படிக்கலாம், உங்க உரிமை. டோக்கன் போயிடுமேன்னுதான். உங்க அண்ணன் வேற பாக்கறாரு.

ஏம்மா, உங்களுக்குமா முதல் பக்கத்துல இருந்து வேணும்?